காற்றாலை மின்சாரம் டீசலுக்கு மாற்றாகுமா?

டீசல் விலை ஏறும்போதெல்லாம் நம் வணிக அன்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தெற்கே ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் சுற்றுகின்றனவே, நமக்கு மட்டும் ஏன் டீசல் செலவு குறையவில்லை?" என்பதுதான் அது. இப்போது இதோடு வேறு சிலவும் சேர்ந்துகொண்டன. கடை மாடியில் சிறு காற்றாடி வைத்தால் கரண்ட் பில்லே வராது என்று விளம்பரத் தாளோடு வருகிறார்கள். பெரிய காற்றாலையில் பங்கு போடுங்கள் என்றும் கேட்கிறார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது என்பதால் இதை எழுதுகிறோம்.

நம் கல்லாவிலிருந்து எண்ணெய்க்குப் பணம் இரண்டு வழியில் போகிறது. ஒன்று, கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டர். மற்றொன்று, சரக்கு கொண்டுவரும் லாரி, வேன். ஜெனரேட்டர் வாசலிலேயே நின்று சத்தம் போடுவதால் அதைத்தான் பெரிய செலவாக நினைக்கிறோம். கடைகளில் வைக்கும் சிறிய ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 3 யூனிட் கொடுக்கும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது ஒரு யூனிட் 30 ரூபாய் ஆகிறது. மின்வாரியம் கடைகளுக்குக் கொடுப்பது யூனிட் 10 ரூபாய் அளவில்தான். மூன்று மடங்கு செலவு என்றாலும், அது கரண்ட் நின்ற நேரத்துக்கு மட்டும்.

லாரி அப்படியல்ல. சென்னையிலிருந்து திருத்தணிக்குச் சுமார் 85 கிலோமீட்டர். போய்வர 170. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் லாரி ஒரு நடைக்கு 34 லிட்டர் குடிக்கிறது. 3,000 ரூபாய்க்கு மேல் டீசலுக்கே போய்விடுகிறது. இது தனிச் செலவாக நம் கணக்கில் வருவதில்லை. பருப்பு மூட்டையிலும் எண்ணெய் டின்னிலும் ஏறிக் கொள்முதல் விலையாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. (நமக்கு அண்டையில் உள்ளவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஆந்திராவில் டீசல் விலை கூடுதல் என்பதால் எல்லை தாண்டி வரும் வண்டிகள் நம் பக்கத்து பங்க்குகளில் டாங்க்கை நிரப்பிக்கொண்டு போவது நமக்குத் தெரிந்ததே.)

காற்றாலை கொடுப்பது மின்சாரம் மட்டும்தான். நம் நாட்டு மின் நிலையங்களில் பெரும்பகுதி நிலக்கரியில் ஓடுகிறது; எண்ணெயில் உற்பத்தியாகும் மின்சாரம் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. எனவே முப்பந்தலில் புதிதாக ஒரு காற்றாலை சுற்றினால் மிச்சமாவது நிலக்கரி. நம் லாரியின் டீசல் அல்ல. டீசலுக்கு மாற்று காற்றாலை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

காற்றாலையையும் எண்ணெயையும் சேர்த்துப் பேசும் பழக்கம் டென்மார்க் போன்ற நாடுகளிலிருந்து வந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. அன்று டென்மார்க்கின் மின் நிலையங்களே பெருமளவு எண்ணெயில்தான் ஓடின. அதனால் அங்கே காற்றாலை எண்ணெய்க்கு நேர் மாற்றாக நின்றது. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. இலங்கையில் மின்சாரத்தின் ஒரு பகுதி இன்றும் எண்ணெயில் உற்பத்தியாகிறது. 2022-ல் எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் போனபோது மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேர மின்வெட்டு வந்தது. கடைக்காரர்களுக்கு ஜெனரேட்டர் இருந்தும் ஊற்ற டீசல் இல்லை. அப்படிப்பட்ட நாட்டில் மன்னாரில் 2020 டிசம்பரில் தொடங்கிய 100 மெகாவாட் காற்றாலைப் பண்ணையின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி மதிப்பு உண்டு. யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் டீசல் ஜெனரேட்டர்தான் மின்சாரம். அங்கே இந்திய அரசின் மானியத்தில் காற்றாலை, சூரிய ஒளித் தகடு, பேட்டரி மூன்றையும் சேர்த்து அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆயிற்று. அந்தத் திட்டத்தில் காற்றாலை 530 கிலோவாட், சூரிய ஒளி 1,700 கிலோவாட். இவற்றோடு 2,500 கிலோவாட் டீசல் ஜெனரேட்டரும் மாற்று ஏற்பாடாக இடம்பெற்றிருக்கிறது. காற்றும் வெயிலும் சேர்ந்து இல்லாத நாளுக்கு அது வேண்டியிருக்கிறது. டீசலின் அளவு குறையும், இயந்திரத்தை எடுத்துவிட முடியாது என்பதே இதன் பொருள்.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2012-ல் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்களில் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. காற்று வீசிய மாதங்களில் வெட்டு ஓரளவு தணிந்திருந்தது. அக்டோபரில் காற்று ஓய்ந்ததும் கடுமையாயிற்று. வடக்கு எல்லையில் இருக்கும் நம் கடைகளில் ஜெனரேட்டர் ஓடுவதும் ஓடாததும் ஆரல்வாய்மொழியில் காற்று வீசுவதைப் பொறுத்திருந்தது. காற்றாலை நம் டீசலை மிச்சப்படுத்துவதாக இருந்தால் இந்த வழியில்தான்: லைனில் கரண்ட் நிற்காமல் வந்தால் ஜெனரேட்டர் தூங்கும்.

ஆனால் காற்றுக்குப் பருவம் உண்டு. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றுக் காலம். தமிழ்நாட்டில் நிறுவியிருக்கும் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். சீசனில் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டைத் தாண்டும் நாட்களும் உண்டு. மார்கழியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராத நாட்களும் உண்டு. நம் ஊர் கணக்கில் சொன்னால், ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வந்து ராத்திரி முழுக்கக் கடை திறந்திருக்கும்போது தெற்கே காற்று உச்சத்தில் இருக்கும். டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கு அந்தக் காற்று கைகொடுக்காது. உடுமலைப்பேட்டைப் பக்கம் காடம்பாறையில் இருக்கும் 400 மெகாவாட் நிலையத்தைப்போல, மிஞ்சிய மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கலாம். அது சில மணி நேரத்துக்கு உதவுமே தவிர, ஆடிக் காற்றை மார்கழிக்குச் சேமித்து வைக்க உதவாது.

"திருமலையில் மலைமேல் காற்றாலை சுற்றுகிறதே, நம் தணிகை மலையில் ஏன் கூடாது?" என்று கேட்பவர்கள் உண்டு. திருமலை 2,800 அடி உயரத்தில் இருக்கிறது. நம் மலை 365 படி. உயரம் மட்டுமல்ல, காற்று வரும் வழியும் முக்கியம். மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே காற்று புனலில் ஊற்றியதுபோல் நெருக்கிக்கொண்டு வரும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே உடுமலை, பல்லடம் என்று காற்றாலைகள் கூடியிருப்பது அதனால்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்காகும். வேகம் பாதியாகக் குறைந்தால் சக்தி எட்டில் ஒரு பங்கு. பஜாரில் நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த மாடியில், தாழ்வான உயரத்தில் வைக்கும் காற்றாடிக்குக் கிடைப்பது அந்த எட்டில் ஒன்றுகூட இருக்காது. மாடி காலியாக இருந்தால் சூரிய ஒளித் தகடு போடுங்கள்; காற்றாடிக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே நம் கருத்து. காற்றாலைக்கு என்று நிலம் கேட்டு யாராவது வந்தால், சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் காற்று வரைபடத்தில் நம் வட்டாரம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

பங்கு வாங்கும் விஷயத்தில் பழைய கதை ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நம் மாநிலத்தில் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்களோடு தொடங்கியது. தொண்ணூறுகளில், போட்ட முதல் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டலாம் என்ற வருமான வரிச் சலுகை இருந்தது. வரி மிச்சமானால் போதும் என்று காற்றே சரியாக வராத இடத்திலும் நட்டார்கள். அவற்றில் பல பெயருக்குத்தான் சுற்றின. கோவை, திருப்பூர் மில்காரர்கள் தம் மில்லுக்கே பயன்படுத்திக்கொள்ள நல்ல இடம் பார்த்து நட்டவைதான் நின்று பலன் தந்தன. 25 சதவீதத் திறனில் ஓடும் 1 மெகாவாட் காற்றாலை ஆண்டுக்குச் சுமார் 22 லட்சம் யூனிட் தரும். மாதம் 300 யூனிட் ஓட்டும் கடைகள் 600-க்கு அது போதும்.

ஆனால் 600 கடைக்காரர்கள் கூடி அப்படி ஒன்றை வாங்கிப் பங்கிட்டுக்கொள்ள இன்றைய நடைமுறையில் வழி இல்லை. கூட்டுச் சொந்த உற்பத்தி என்பது உயர் அழுத்த இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு உள்ள ஏற்பாடு: குளிர்பதனக் கிடங்கு, பெரிய அரிசி ஆலை, நூற்பாலை போன்றவை. 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி பயன்படுத்துவோர் கையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும். உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது அவர்களே உபயோகிக்க வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணம் கட்ட நேரும். சீசனில் மிஞ்சிய யூனிட்டை மின்வாரியத்தில் வரவு வைத்து ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்ளும் வசதி பழைய ஆலைகளுக்கு இருந்ததுபோல் புதியவற்றுக்கு இல்லை. கையெழுத்துப் போடும் உறுப்பினர்கள் முதலில் கேட்க வேண்டியது யூனிட் விலையை அல்ல, ஆடியில் மிஞ்சும் யூனிட் ஐப்பசியில் யாருடையது என்பதைத்தான்.

லாரி டீசல் விஷயம் பாக்கி இருக்கிறது. காற்று லாரிக்குள் போகாது; சக்கரம்தான் மின்சாரத்துக்கு வர வேண்டும். ரயில் எப்போதோ வந்துவிட்டது. சென்னையிலிருந்து நம் ஊருக்கு வரும் ரயில் மின்சாரத்தில் ஓடுகிறது. பெட்டிகளைச் செய்யும் பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலைக்கு நெல்லை மாவட்டம் கஸ்தூரிரெங்கபுரத்தில் 10.5 மெகாவாட் சொந்தக் காற்றாலையே இருக்கிறது. நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பது பேட்டரி லோடு ஆட்டோ. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 9, 10 கிலோமீட்டர் ஓடுகிறது. கடை மீட்டரிலேயே சார்ஜ் போட்டாலும் கிலோமீட்டருக்கு 1 ரூபாயைச் சுற்றித்தான் ஆகும். டீசல் லோடு ஆட்டோவுக்கு 3 ரூபாய்க்கு மேல். வாங்கும் விலை கூடுதல், சில ஆண்டுகளில் பேட்டரி மாற்றும் செலவும் உண்டு என்பதால் தினம் 60, 70 கிலோமீட்டராவது ஓட்டுகிறவர்களுக்கே இது கட்டும். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, நகரி என்று சில்லறைக் கடைகளுக்குச் சரக்குப் போடும் நம் மொத்த வியாபாரிகளுக்கு அந்த ஓட்டம் இருக்கிறது. மலைக்கு மேலே தேங்காயும் பூவும் ஏற்றுகிறவர்கள் மட்டும், ஏற்றத்தில் சார்ஜ் வேகமாக இறங்கும் என்பதால், முழு லோடு வைத்து ஒருமுறை மேலே ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசவும்.