விழுந்தால் வயது ஏறும்: 'சீஃபு' விளையாட்டு சொல்லும் குங்ஃபூ பாடம்

ஆசானைக் கொன்றவனைத் தேடிச் சீடன் புறப்படுகிறான். குங்ஃபூ படம் பார்த்து வளர்ந்த யாருக்கும் இந்தக் கதை புதிதல்ல. ஆனால் இன்றைய பிள்ளைகள் அதைப் பார்ப்பதோடு நிற்பதில்லை; விசையைக் கையில் பிடித்துத் தாங்களே அந்தச் சீடனாகிவிடுகிறார்கள். "அடிதடியைத்தானே இது கற்றுக்கொடுக்கும்?" என்பது பெற்றோர் பலரின் கேள்வி. பதில் தேடுமுன், இந்த விளையாட்டு எப்படி இயங்குகிறது என்று பார்ப்போமா?

குங்ஃபூ படத்திற்கும் வீடியோ விளையாட்டுக்கும் உள்ள உறவு நீண்டகாலமானது. 1984இல் ஜப்பானின் ஐரெம் நிறுவனம் 'ஸ்பார்டன் எக்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதே ஆண்டில் வந்த ஜாக்கி சான் படம் ஒன்றுக்கு ஜப்பானில் வைக்கப்பட்ட பெயர் அது. ஐந்து மாடிகள், மாடிக்கு ஒரு வல்லவன் என்ற அமைப்போ புரூஸ் லீயின் 'கேம் ஆஃப் டெத்' படத்தை நினைவூட்டும். அதை வடிவமைத்த தகாஷி நிஷியாமா, பின்னர் கேப்காம் நிறுவனத்தில் 1987இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டை இயக்கினார்.

அந்த வரிசையில் வந்ததுதான் 'சீஃபு'. பாரிசில் உள்ள ஸ்லோக்லாப் நிறுவனம் 2022 பிப்ரவரியில் இதனை வெளியிட்டது. 'சீஃபு' என்றால் ஆசான். நம் ஊரில் கைத்தொழிலில் தேர்ந்தவரையும் இப்படி அழைப்பதுண்டு. இதில் வரும் சண்டைமுறை, தென்சீனாவில் வழங்கும் பாக் மெய் குங்ஃபூ. அக்கலையில் தேர்ந்த பெஞ்சமின் கொலுசி அசைவுகளை அமைக்கத் துணைநின்றார். ஒடுங்கிய நடைபாதையில் பலரை ஒருவராக எதிர்க்கும் காட்சி, 2003இல் வந்த 'ஓல்ட்பாய்' என்ற கொரியப் படத்திற்குச் செய்த மரியாதை.

இதன் தனிச்சிறப்பு வயதுக் கணக்குதான். தந்தையைக் கொன்ற ஐவரைத் தேடி நாயகன் புறப்படும்போது வயது 20. நாயகியாகவும் ஆடலாம். சண்டையில் இறந்தால் மந்திரத் தாயத்து உயிர் தரும். ஆனால் அதற்கு விலை வயது. முதல் மரணத்திற்கு 1 ஆண்டு, அடுத்ததற்கு 2, அதற்கடுத்ததற்கு 3. மூன்றே முறை விழுந்தால் 26 வயது! வலிய எதிரியை வீழ்த்தினால் இந்தக் கணக்கு குறையும். பத்தாண்டு கூடும்போதெல்லாம் அடியின் வலிமை ஏறும், உடல் தாங்கும் வலு இறங்கும். எழுபதைத் தாண்டியபின் விழுந்தால் மீண்டும் எழ முடியாது.

ஒரு கட்டத்தை முடித்த வயதில்தான் அடுத்த கட்டம் தொடங்கும். முதல் கட்டத்திலேயே ஐம்பதைத் தொட்டவர் ஐந்தாவது வரை தாக்குப்பிடிப்பது கடினம். திரும்பிப் போய், அதே பாடத்தை இளமையோடு முடிக்கப் பழக வேண்டும். பயிற்சி என்றால் இதுதானே?

சரி, ஐவரையும் கொன்றால் வெற்றியா? கதை முடியும், ஆனால் உண்மையான முடிவு கிட்டாது. அதற்கு 'வூ-டெ', அதாவது போர்க்கலையின் அறம் வேண்டும். எதிரியின் நிலையை இருமுறை குலைத்தும் உயிரைப் பறிக்காமல் விட வேண்டும். கொல்வதைவிட மன்னிப்பதற்கே அதிகத் திறமை தேவைப்படும்படி இதனை அமைத்திருக்கிறார்கள்.

அதற்காக இது சிறுவர்க்கு உகந்தது என்று பொருளல்ல. கம்பும் புட்டியும் கத்தியும் இதில் ஆயுதங்கள், இரத்தமும் உண்டு. உறையில் உள்ள வயது வரம்பைப் பெற்றோர் பார்த்து வாங்குவது அவசியம். வளர்ந்த பிள்ளை ஆடினால், அருகில் அமர்ந்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "பழிவாங்க உனக்கு எத்தனை வயது செலவானது?" அந்தப் பதிலிலிருந்து வீட்டில் நல்லதோர் உரையாடல் தொடங்கலாம்.