கம்பெனி கொடுத்ததும் சட்டம் கொடுத்ததும்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இருந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடப்பட்டன. பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தில் மிச்சமிருந்த சில ஆயிரம் தொழிலாளர்களின் வேலை போனது. அதோடு குடும்பத்தோடு நம்பியிருந்த கம்பெனி ஆஸ்பத்திரி போனது. தலைமுறைகளாகக் குடியிருந்த லைன் வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்து ஆண்டுக்கணக்கில் இழுபறியானது. சம்பளம் போனால் வேறு இடத்தில் சம்பளம் தேடலாம். மருந்தையும் கூரையையும் தண்ணீரையும் சம்பளம் கொடுத்த அதே கைதான் கொடுத்துவந்தது என்றால், அந்தக் கை விலகிய மறுநாள் எங்கே போவது? ஒருவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பதைப் பொறுத்து நலவாழ்வு அமையக் கூடாது, அவர் குடிமகன் என்பதே அதற்குப் போதுமான தகுதி என்று வாதிடுபவர்களுக்கு இந்தியாவில் தங்கவயலைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

கம்பெனி ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால் வைத்தபின், வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள். பண்ணையாரின் களத்தில் நெல்லுக்கு உழைத்தவர்கள் இங்கே கையில் காசு வாங்கினார்கள். அந்தக் காசும் அது தந்த துணிச்சலும்தான் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் பௌத்த சங்கங்களை வளர்த்தன; அயோத்திதாச பண்டிதர் தொடங்கி, பின்னர் நின்றுபோன 'தமிழன்' இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்துதான் மீண்டும் கொண்டுவந்தார். ஆனால் கம்பெனியின் தாராளம் ஆளைப் பார்த்து அளந்து போடப்பட்டது. வெள்ளைக்காரருக்குத் தோட்டத்தோடு பங்களா, கூலிகளுக்கு மூங்கில் தட்டியில் ஒற்றை அறை. சிவனசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் வந்தது. அது எந்திரங்களுக்காக வந்த மின்சாரம். 1930இல் கைரேகை வைத்துப் பெயர் பதியச் சொன்னபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு சுரங்கத்தில் விலக்கப்பட்டவன் அடுத்த சுரங்கத்திலும் நுழைய முடியாதபடி அந்த ரேகை தடுக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொடுப்பவனுக்கு எடுத்துக்கொள்ளவும் அதிகாரம் இருக்கும்வரை அதற்குப் பெயர் சலுகை.

முதலாளி வெள்ளைக்காரன், அதனால்தான் அப்படி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962இல் அவை மத்திய அரசுக்குப் போயின, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் உருவானது. கம்பெனியே அரசாகிவிட்ட அந்தக் காலத்திலும் ஊரில் உலர் கழிப்பறைகள் இருந்தன. மலத்தைக் கையால் அள்ளும் வேலைக்கு ஒரே சாதியினர் அனுப்பப்பட்டார்கள். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு அப்போது பல பத்தாண்டுப் பழமையானது. இதை உடைக்கப் புறப்பட்டவர், அந்த வேலை செய்த குடும்பத்தில் 1966இல் இதே ஊரில் பிறந்த பெஜவாடா வில்சன். அவர் முதலில் உள்ளூர் அதிகாரிகளுக்கு எழுதினார், பலனில்லை. பிரதமர்வரை புகார் அனுப்பி, வழக்குத் தொடுப்பேன் என்று சொன்ன பிறகுதான் கழிப்பறைகள் மாற்றப்பட்டன, அள்ளியவர்களுக்கு வேறு வேலை தரப்பட்டது. நல்ல நிர்வாகி ஒருவர் வருவார் என்று அந்த மக்கள் காத்திருந்தால் இன்றும் காத்திருப்பார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2011இல்கூடத் தங்கவயலில் மலக்குழி உயிர்களைக் குடித்தது. ஆனாலும் சட்டம் என்ற ஒன்று இருந்ததால்தான் அதைக் குற்றம் என்று சொல்ல முடிந்தது.

நலவாழ்வு குடிமகனின் உரிமை என்ற வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு: மூடும்போது பணம் கொடுத்தாகிவிட்டதே, கணக்கு தீர்ந்ததல்லவா? அந்தப் பணம் வேலை பார்த்த ஆண்டுகளுக்கான விலை. கல்தூசியின் கணக்கு அதில் இல்லை. 1940களில் இங்கே தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் கண்டுபிடிக்கப்பட்டது. நுரையீரலில் படியும் அந்தத் தூசி உடனே கொல்லாது. வேலையை விட்டுப் பல வருடம் கழித்தும் மூச்சை இறுக்கும். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமோ இரண்டு வருடக் கெடு வைத்திருந்தது. தாமதத்துக்குக் காரணம் காட்டி மனுப் போட முடிந்ததுதான். யாரிடம் கேட்பது என்றால் முதலாளியிடம், அவரோ கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால், 2014இல் அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. விலைவாசி ஏறினால் தானாக ஏறும் ஏற்பாடு அதில் கிடையாது. வேறு வழி இல்லாமலில்லை. ராஜஸ்தான் 2019இல் கொண்டுவந்த கொள்கையின்படி, சிலிகோசிஸ் என்று மருத்துவர் குழு சான்றளித்தால் அரசே உதவித்தொகையும் மாத ஓய்வூதியமும் தருகிறது. எந்த முதலாளி என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பிரிட்டனிலும் அரசு நிலக்கரி நிறுவனத்தின் பொறுப்புகள் 1998இல் அரசின் கைக்கு வந்தன. சுரங்கங்கள் மூடிய பிறகும் முன்னாள் தொழிலாளர்களின் மூச்சு நோய்க்கு அரசு பெருந்தொகை கொடுத்தது. கோலாரில் பொன் வெட்டிய கம்பெனியின் தலைமையகம் இருந்த நாடு அது.

இரண்டாவது மறுப்பு கனமானது. அள்ளிக் கொடுத்தால் கஜானா தாங்குமா? 2023 முதல் கர்நாடக அரசு நடத்தும் ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 50,000 கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. வேலையின்மையிலும் முதுமையிலும் அரசு உதவ வேண்டும் என்று சொல்லும் அரசியலமைப்பின் 41ஆவது பிரிவே 'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' என்று ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. கவலை நியாயமானது. ஆனால் அந்த ஐந்தில் ஒன்றான கிருகலட்சுமி திட்டத்தின் 2,000 ரூபாய் ஒரு தங்கவயல் குடும்பத் தலைவிக்கு வரும்போது, அவள் கணவன் எந்த ஷாப்ட்டில் இறங்கினான் என்று யாரும் கேட்பதில்லை. நூறு வருடக் கம்பெனி ஆட்சியில் அவள் பெயருக்கு எதுவும் வந்ததில்லை. தொழிலாளியின் மனைவி என்ற வகையில்தான் எல்லாம் வந்தது. தமிழ்நாடு இதேபோன்ற தன் திட்டத்துக்கு மகளிர் 'உரிமை'த் தொகை என்று பெயர் வைத்தது வெறும் தேர்தல் அலங்காரம் என்று எனக்குத் தோன்றவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியைத் திறக்காமல் விட்டால், அந்த 2,000 ரூபாய் பெங்களூரின் தனியார் மருத்துவமனை வாசலோடு சரி. சக்தி திட்டத்தில் பெண்களுக்கு அரசுப் பேருந்து இலவசம். தங்கவயல்காரர்கள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறிப் பெங்களூருக்குப் போவதோ ரயிலில். அங்கே போய் அவர்கள் பிழைத்துக்கொள்கிறார்களே, ஊர் ஏன் வேண்டும் என்று கேட்பவர்கள், போக வர ஒவ்வொரு நாளும் ரயிலிலேயே கழியும் மணிநேரங்களை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

இதற்கிடையே சயனைடு மலைகளுக்கு விலை பேசத் தொடங்கிவிட்டார்கள். பொன்னை அரைத்தெடுத்த பின் குவித்துவைத்த அந்த மண் ஏறக்குறைய 3.3 கோடி டன். காற்றடித்தால் லைன் வீடுகளின் சோற்றுச் சட்டியில் வந்து விழுகிற மண். ஆயிரம் ஏக்கர் பரப்பில் கிடக்கும் 13 குவியல்களை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஏலம் எடுப்பவர் வேலை தருவார், ஒருவேளை மருத்துவ முகாமும் நடத்துவார். வேலையை அவரிடம் கேட்கலாம். தூசி நோய்க்கான சோதனையும், ஆஸ்பத்திரிப் படுக்கையும், வீட்டுப் பட்டாவும் அவரது ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக வரக் கூடாது. சுகாதாரத் துறையின், வருவாய்த் துறையின் பெயரில், ஏலத்துக்கு முன்பே எழுதப்பட வேண்டும்.