கூப்பிடு தூரம்

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறித் திருச்சுழிப் பக்கம் போய்க் கொண்டிருந்தேன். இரு புறமும் சீமைக் கருவேலம். நடு நடுவே பனை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, "கண்ணு புகையாத் தெரியுது, தாயி. மருதைக்குப் போய்க் காட்டலாம்னா ஒரு நாள் கூலி போயிருமே!" என்று அங்கலாய்த்தாள்.

இந்தப் பாட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது, கேளுங்கள்.

ஒரு கட்டிடத்துக்குள் உள்ள கம்ப்யூட்டர்களைப் பிணைக்கும் வலைக்கு 'லான்' என்று பெயர். அதில் செய்தி முழுசாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் விலாசத்தைச் சுமந்து கொண்டு கிளம்புகிறது. நடுவில் உள்ள 'ஸ்விட்ச்' என்னும் பெட்டி, விலாசம் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. தாமிரக் கம்பி ஒரே வீச்சில் 100 மீட்டர் வரைதான். அதற்கு மேல் இன்னொரு ஸ்விட்ச் வேண்டும். அல்லது கண்ணாடி இழை போட வேண்டும்.

கம்பியே இல்லாத 'வைஃபை' ரொம்ப மரியாதை தெரிந்தது. வேறு யாரும் பேசவில்லையே என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் "வந்து சேர்ந்தது" என்று பதில் வர வேண்டும். கண நேரத்தில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். வீட்டுக்குள் இது சரி. பல கிலோ மீட்டர் தள்ளி என்றால்? பருத்திக் காட்டின் அந்தக் கோடியில் நிற்பவரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் 'ஓய்' என்பதற்குள் பொறுமையிழந்து மறுபடி கத்தினால், இரண்டு குரலும் மோதி ஒன்றும் விளங்காது அல்லவா? அதே கதைதான்!

எட்டயபுரத்துக்கு அருகே, வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் 1918-ல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அவர் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் தேனிக் கிளையைச் சுற்றியுள்ள ஊர்களின் கண் மையங்களுக்கு, 2006-ஐ ஒட்டி, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் சாதாரண வைஃபையையே நீட்டிக் கொடுத்தார்கள். உயரமான கோபுரங்களில் ஒன்றையொன்று பார்க்கும் ஆன்டெனாக்களை வைத்தார்கள். கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிறோமே, அதைப் போல இரு கோடிகளும் முறை வைத்துப் பேசும்படி செய்தார்கள். பதிலையும் மொத்தமாகச் சொன்னால் போதும் என்றார்கள். பழைய முறையைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு செய்தி போயிற்று என்று 2007-ல் அறிவித்தார்கள்.

பலன் என்ன? கண் மையத்தில், பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் நோயாளியைச் சோதிக்க, தேனியிலிருந்த டாக்டர் திரையில் முகம் பார்த்து விசாரித்தார்.

புரையை எடுக்க ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். வைஃபை கத்தி பிடிக்காது. ஆனால் போக வேண்டுமா, கண்ணாடி போதுமா என்று தெரிந்து கொள்ள ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் சொன்னதும் பாட்டி என் கையைப் பிடித்துக் கொண்டாள். "அப்ப டாக்டரு கூப்பிடு தூரத்துலதான் இருக்காருன்னு சொல்லு, தாயி!"

இதைவிட அழகாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.