பெயரா, வினையா? கையெழுத்துப் போடும் முன் பார்ப்போம்



நம் குழு அக்கா ஒருவருக்குக் கடன் நோட்டீஸ் வந்தது. அதில் 'அமவுண்ட் பேயபிள்' என்று போட்டு ஒரு தொகை இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்த அக்கா, "கட்டியாச்சுன்னுதானே போட்டிருக்கு" என்று இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டார். உண்மையில் அது இனிமேல் கட்ட வேண்டிய தொகை. வட்டி ஏறியதுதான் மிச்சம்.

படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்றும் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் சொற்களை வழக்கமாக 8 வகையாகப் பிரிப்பார்கள். பணக் காகிதம் படிக்க நமக்கு 5 வகை போதும்.

1. பெயர்ச்சொல்: ஆங்கிலத்தில் நவுன். ஆள், இடம், பொருள் இவற்றின் பெயர். லோன், பேங்க், மெம்பர் எல்லாம் இதில் சேரும். முன்னால் பெரும்பாலும் 'எ', 'தி', 'யுவர்' போன்ற சொல் நிற்கும்.

2. வினைச்சொல்: ஆங்கிலத்தில் வெர்ப். செயலைச் சொல்லும், காலமும் காட்டும். 'வி பெய்டு' என்றால் கட்டினோம். 'வி வில் பே' என்றால் கட்டுவோம். தமிழில் வினை கடைசியில் வரும்: 'நாங்கள் பணம் கட்டினோம்.' ஆங்கிலத்தில் ஆளுக்கு அடுத்தே வந்துவிடும்: 'வி பெய்டு தி மணி.'

3. பெயரடை: ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவ். பெயர் எப்படிப்பட்டது என்று சொல்லும். 'நியூ லோன்' என்றால் புதுக் கடன். அக்காவைக் குழப்பிய 'பேயபிள்' இந்த வகைதான். 'பெய்டு' என்றால் கட்டிய, 'பேயபிள்' என்றால் கட்ட வேண்டிய. 'அமவுண்ட் டியூ' என்றாலும் கட்ட வேண்டிய தொகைதான்.

4. வினையடை: ஆங்கிலத்தில் அட்வெர்ப். செயல் எப்படி நடந்தது என்று சொல்லும். நம் 'ஒழுங்கான', 'ஒழுங்காக' மாதிரிதான். 'ரெகுலர் சேவிங்' என்றால் ஒழுங்கான சேமிப்பு. 'ஷீ சேவ்ஸ் ரெகுலர்லி' என்றால் ஒழுங்காகச் சேமிக்கிறாள். கடைசியில் 'லி' வந்தால் பெரும்பாலும் வினையடை. ஆனால் 'மந்த்லி மீட்டிங்' என்பதில் 'மந்த்லி' பெயரடை. அதனால் வாலை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

5. முன்னிடைச்சொல்: ஆங்கிலத்தில் பிரிபொசிஷன். நாம் 'கணக்குக்கு', 'கணக்கிலிருந்து' என்று பெயரின் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். செல்போன் செய்தியில் 'கிரெடிட்டட் டு யுவர் அக்கவுண்ட்' என்றால் உங்கள் கணக்குக்குப் பணம் வந்தது. 'டெபிட்டட் ஃப்ரம் யுவர் அக்கவுண்ட்' என்றால் கணக்கிலிருந்து போனது. சின்னச் சொல்தான், ஆனால் பணம் வந்ததா போனதா என்று அதுவே காட்டிக் கொடுக்கும்.

இன்னொன்றும் கவனிக்கணும். ஒரே சொல் இரண்டு வேலை செய்யும். 'எ டெபாசிட்' என்றால் பெயர். 'வி டெபாசிட் மணி' என்றால் வினை. சொல்லைத் தனியாகப் பார்க்காமல், பக்கத்தில் நிற்கும் சொற்களோடு சேர்த்துப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பழைய ரசீதோ நோட்டீசோ கொண்டு வாங்க. வினைச்சொல்லுக்குக் கீழே கோடு போடுவோம், பெயரடையைச் சுற்றி வட்டம் போடுவோம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையும் கூட உட்கார வைக்கலாம்.

புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். "இது கட்டினதா, கட்ட வேண்டியதா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமே இல்லை.