ஒரு கடவுச்சொல்லுக்குப் பின்னால் எத்தனை பெயர்கள்?

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள், காணி இழந்தவர்கள், தடுப்புக்காவலில் இருந்து மீண்டவர்கள் சொன்ன வாக்குமூலங்கள் இன்று அலுமாரியில் உள்ள கோவைகளில் மட்டும் இல்லை. மின்னஞ்சலிலும் கூகுள் ட்ரைவிலும் வட்ஸ்அப்பிலும் கிடக்கின்றன. அவற்றுக்கு இருக்கும் பூட்டு ஒரு கடவுச்சொல்தான்.

சுதந்திர ஊடகவியலாளராக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சிறிய அலுவலகங்கள் பலவற்றுக்குப் போய்வருகிறேன். அங்கே அந்தப் பூட்டு எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்கிறேன். நிறுவனத்தின் பெயர், அதன் பின்னால் ஓர் ஆண்டு. மின்னஞ்சலுக்கும் பேஸ்புக் பக்கத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் அதே சொல். சில இடங்களில் அது மேசை நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதப்பட்டிருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன் கனடாவுக்குப் போன உத்தியோகத்தரின் கைபேசியில் அலுவலக மின்னஞ்சல் இன்றும் திறக்கும்.

பெயர்ப் பட்டியல் தவறான கைகளுக்குப் போனால் என்ன நடக்கும் என்று கொழும்புத் தமிழருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1983 ஜூலையில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்ததைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட இடங்களில் லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அன்று பட்டியல் கடதாசியில் இருந்தது. இன்று அது ஓர் எக்செல் கோப்பில் இருக்கிறது.

அது என்ன, எப்படி வேலை செய்கிறது?

இடம்பெயர்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்தப் பையைத் தெரியும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, ஓடும்போது முதலில் கையில் எடுக்கும் பை. பாஸ்வேர்ட் மனேஜர் அப்படியான ஒரு பைதான், ஆனால் பூட்டு உள்ள பை. உங்கள் கடவுச்சொற்கள் அனைத்தையும் குறியாக்கம் செய்து அதில் வைக்கலாம். நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது அதைத் திறக்கும் ஒரேயொரு முதன்மைக் கடவுச்சொல்லை மட்டுமே. மற்றவற்றை, ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறாக, எவராலும் ஊகிக்க முடியாதபடி செயலியே உருவாக்கித் தரும்.

இதனால் இன்னொரு பயனும் உண்டு. மனேஜர் தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் கடவுச்சொல்லை நிரப்பும். பேஸ்புக்கைப் போலவே தோன்றும் ஒரு போலிப் பக்கத்துக்கான இணைப்பு உங்களுக்கு வந்தால், கண் ஏமாறலாம். மனேஜர் அங்கே தானாக நிரப்பாது. அது நிரப்பாதபோது நீங்களாகத் தட்டச்சு செய்யாதீர்கள், நின்று முகவரியைப் பாருங்கள்.

எதைத் தெரிவு செய்வது?

பிட்வோர்டன் இலவசமாகக் கிடைக்கிறது, அதன் மூலநிரல் யாரும் பரிசோதிக்கக் கூடியவாறு வெளிப்படையானது. கீபாஸ்எக்ஸ்சியும் இலவசம். அதில் பெட்டகம் உங்கள் கணினியிலேயே ஒரு கோப்பாக இருக்கும், இணையம் தேவையில்லை. ஆனால் பிரதி எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு. பிரதி இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்கு அரசாங்கமே உதாரணம்: 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல் முறைமை தாக்கப்பட்டபோது, அதே ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. வன்பாஸ்வேர்ட் கட்டணச் சேவை. ஊடகவியலாளர்களுக்கு இலவசமாக வழங்கும் திட்டமும் அதற்கு உண்டு.

"எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் அதுவே திருடப்படாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022இல் அது நடந்தது. வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் பிரதிகள் களவு போயின. உள்ளே இருந்த கடவுச்சொற்கள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன, தள முகவரிகள் அப்படி இருக்கவில்லை. வலுவான முதன்மைக் கடவுச்சொல் வைத்திருந்தவர்களின் பெட்டகத்தை உடைப்பது மிகக் கடினம். பலவீனமாக வைத்திருந்தவர்களே ஆபத்தில் விழுந்தார்கள்.

ஆகவே முதன்மைக் கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதலாம். அகராதியின் வெவ்வேறு பக்கங்களைக் கண்டபடி திறந்து சொற்களை எடுங்கள். ஊர்ப் பெயர், பிள்ளையின் பிறந்த நாள், குறளடி, பாட்டு வரி வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் வழக்கமும் தேவையில்லை. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2017இலேயே அதைக் கைவிடச் சொன்னது. வெளியே கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றினால் போதும்.

அலுவலகத்தில் என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருக்கட்டும். பகிர வேண்டியதைப் பகிரப்பட்ட பெட்டகத்தில் மட்டும் வையுங்கள், வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கணக்காளருக்கு வாக்குமூலக் கோப்பின் திறப்பு தேவையில்லை, களப்பணியாளருக்கு வங்கித் திறப்பு தேவையில்லை. ஒருவர் விலகினால் அன்றே அவரது அனுமதியை நீக்குங்கள், அவர் பார்த்திருந்த கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். அனுமதியை நீக்குவதால் அவர் ஏற்கெனவே அறிந்தது அழியாது. இது அவர்மீதான சந்தேகமல்ல. நாளை ஏதாவது கசிந்தால் அந்தப் பழி அவர்மீது விழாமல் காப்பதும் இதுதான்.

இரண்டாம் படிச் சரிபார்ப்பையும் சேருங்கள், முடிந்தால் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாகச் செயலி வழியாக. முதன்மைக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, அலுவலகத்துக்கு வெளியே நம்பிக்கையான ஓரிடத்தில் வையுங்கள். பொறுப்பாளருக்கு ஏதாவது நடந்தாலும் வேலை நிற்கக் கூடாது.

எதைத் தடுக்காது?

2025 ஓகஸ்டில் முல்லைத்தீவு புகைப்பட ஊடகவியலாளர் கணபதிப்பிள்ளை குமணன் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினரால் அழைக்கப்பட்டு பல மணி நேரம் விசாரிக்கப்பட்டார். அப்படி ஓர் அறையில் உட்கார்ந்திருப்பவரிடம் "போனைத் திற" என்றால், எந்தச் செயலியும் அவருக்காகப் பேசாது. அங்கே தேவைப்படுபவர் சட்டத்தரணி. ஆனால் அந்தப் போனில் எத்தனை பேருடைய பெயர்கள் இருக்கின்றன என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கலாம். பயணம் போகும்போது தேவையில்லாத பெட்டகங்களைச் சாதனத்திலிருந்து நீக்கி வைக்கும் வசதி வன்பாஸ்வேர்டில் உண்டு. கீபாஸ்எக்ஸ்சி கோப்பை அலுவலகக் கணினியிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

நம்மிடம் கதை சொன்ன ஒரு தாய், தன் மகனின் பெயரை நம்மை நம்பித்தான் சொன்னார். நாம் என்ன கடவுச்சொல் வைத்திருக்கிறோம் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அது கேட்கத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அலுவலக மின்னஞ்சலின் கடவுச்சொல்லில் இருந்து தொடங்குங்கள்.