36 கிலோ

காசநோய் உறுதியானவருக்கு மாத்திரை கொடுப்பதோடு தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இன்னும் சிலவற்றையும் பார்க்கிறார்கள். எடை, உயரம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிறதா என்றும் பார்ப்பார்கள். விழுந்தால் நீர் கோத்திருக்கிறது. எக்ஸ்ரேகூட வேண்டாம், ஒரு செவிலியர் போதும்.

ஆபத்தான நிலையில் இருப்பவரை முன்பே கண்டறிந்து வார்டில் சேர்க்க 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இது. அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவு இயல் நிறுவனம் அரசோடு சேர்ந்து வகுத்தது.

160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 36 கிலோவுக்கும் கீழே இருந்தால் உடல் நிறை குறியீடு சுமார் 14 அல்லது அதற்கும் கீழே. அவரை உடனே வார்டில் சேர்க்க வேண்டும். காசநோய் இறப்புகளில் பெரும்பங்கு சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில்தான் நேர்கிறது. பட்டினியில் உலர்ந்த உடம்புக்குத் திடீரென்று வயிறு நிறையச் சோறு போடுவதும் ஆபத்து. இன்சுலின் எகிறும், ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரசும் பொட்டாசியமும் செல்களுக்குள் ஓடிவிடும், இதயத் துடிப்பு தடுமாறும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

உணவு இவ்வளவு முக்கியம் என்பதை நாம் ஒருகாலத்தில் பின்னுக்குத் தள்ளிவிட்டோம். 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு, நெரிசலான வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டவரும் சானடோரியத்தில் நல்ல உணவோடு ஓய்வெடுத்தவரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானதைக் காட்டியது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்த மகத்தான ஆய்வு அது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குத்தான் எடை அதிகம் கூடியது என்பதும் அதிலேயே இருக்கிறது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2023-இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு அந்தக் கணக்கைத் திருத்தியது. நோயாளிகள் 2,800 பேருக்கும் மாதம் 10 கிலோ உணவுப்பை: அரிசி, வறுத்த கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய். ஒரு பகுதி வீடுகளில் மற்றவர்களுக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. இரண்டு மாதத்தில் 5 விழுக்காடு எடை கூடிய நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு சுமார் 60 விழுக்காடு குறைவாக இருந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தின் வேலையைச் செய்திருக்கின்றன.

நம் நிலைமை என்ன? நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் கணக்கில் வருகிறது, நாளுக்கு 33 ரூபாய். கூலி நின்றுபோன வீட்டில் அந்தப் பணம் வாடகைக்குப் போகுமா, முட்டைக்குப் போகுமா? ரேஷன் கடையில் அரிசி இலவசம்தான். துவரம் பருப்போ குடும்ப அட்டைக்கே மாதம் ஒரு கிலோ. நோயாளியைத் தவிர நான்கு பெரியவர்கள் இருக்கும் ஜார்க்கண்ட் வீட்டுக்கு அந்த ஆய்வு கொடுத்தது 6 கிலோ. சிகிச்சை நடக்கும் ஆறு மாதமும் காசநோய் உள்ள வீட்டின் அட்டைக்குப் பருப்பைக் கூட்டிக் கொடுக்க ரேஷன் கடை போதும், புதிய அலுவலகம் எதுவும் வேண்டாம். அரசு இதை உடனே செய்ய வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பங்களுக்கு அந்த ஒரு கிலோவும் இல்லை. வெளிமாநில அட்டைக்கு இங்கே தானியம் மட்டும்தான் கிடைக்கும். மழைக்கு முன் சூளை அணைந்ததும் அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள், காசநோய் உள்ளவர் பாதி சிகிச்சையிலேயே கிளம்ப நேரும். பருப்புக் கணக்கை அவர்களிடமிருந்து தொடங்குவதே சரி.