ஃபில்டரின் மறுபக்கம்

டீசல் என்ஜினில் பொருத்தும் எரிபொருள் ஃபில்டருக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. தொட்டியிலிருந்து டீசல் வந்து சேர்வது அழுக்குப் பக்கம். மடிப்பு மடிப்பாக அடுக்கிய வடிதாளைக் கடந்து அது வெளியேறுவது சுத்தப் பக்கம். அழுக்குப் பக்கத்தில் தூசி சேர்வது குறையல்ல, அதைப் பிடித்து வைப்பதுதான் ஃபில்டரின் வேலை. சுத்தப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் உலோகத் துணுக்கு அப்படியல்ல. அதற்கும், டீசலை என்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் நடுவே தடுப்பதற்கு எதுவுமில்லை. புது ஃபில்டரின் தூய்மைச் சோதனை என்பது பெரும்பாலும் இந்தச் சுத்தப் பக்கத்தின் சோதனைதான்.

இந்தச் சோதனை கடுமையானதற்குக் காரணம், உயர் அழுத்த டீசலை ‘ரெயில்’ என்ற பொதுக் குழாயில் தேக்கி எல்லா இன்ஜெக்டர்களுக்கும் அனுப்பும் காமன் ரெயில் முறை. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் அது சந்தைக்கு வந்தபோது எரிபொருள் அழுத்தம் ஏறத்தாழ 1350 பார். இன்றைய அமைப்புகள் 2000 பாரைத் தாண்டிவிட்டன. 2500 பாரைத் தொடுபவையும் உண்டு. அவ்வளவு அழுத்தத்தில் டீசல் கசியாமலிருக்க வேண்டுமானால், இன்ஜெக்டருக்குள் அசையும் பாகத்துக்கும் அதைச் சுற்றியுள்ள சுவருக்கும் இடையே 2 முதல் 5 மைக்ரான் வரைதான் இடைவெளி விட முடியும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நல்ல வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியும் எல்லையோ சுமார் 40 மைக்ரான். பாட்டிலில் பிடித்துத் தூக்கிப் பார்த்து ‘டீசல் பளிச்சென்று இருக்கிறது’ என்று சொல்வதற்கு இங்கே மதிப்பு அதிகமில்லை. மணல் துகளும் அலுமினிய ஆக்சைடும் எஃகையே கீறக்கூடியவை. அவை வால்வு இருக்கையை அரித்துவிட்டால் ரெயிலில் அழுத்தம் நிற்காது, வண்டி ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும்.

புத்தம்புது ஃபில்டரில் அழுக்கு எப்படி வரும் என்று கேட்கலாம். தொழிற்சாலையிலேயே வருகிறது. வடிதாளை வெட்டும் இடத்தில் இழைகள் உதிர்கின்றன. தகர உறையை மடித்து இறுக்கும்போது பூச்சு செதில் செதிலாகப் பெயர்கிறது. திருகு மரை வெட்டும்போது சுருள்கள் மிஞ்சுகின்றன. பிளாஸ்டிக் மூடியின் ஓரப் பிசிறு, ஒட்டுப்பசைத் துணுக்கு, கடைசியாக அட்டைப்பெட்டியின் தூசி என்று பட்டியல் நீளும்.

சோதனையின் அடிப்படை எளிது: சுத்தமான திரவத்தை ஃபில்டர் வழியே செலுத்தி, அது எதையெல்லாம் கழுவிக்கொண்டு வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும். சாதாரண குழாயையோ மூடியையோ சோதிப்பதாக இருந்தால் எல்லாப் பக்கத்தையும் கழுவி எடுக்கலாம். ஃபில்டரில் அது கூடாது. டீசல் ஓடும் அதே திசையில்தான் திரவமும் ஓட வேண்டும். அப்போதுதான் அழுக்குப் பக்கத்துத் தூசி தாளுக்குப் பின்னாலேயே தங்கிவிடும். தாளிலிருந்து உதிர்வதும் சுத்தப் பக்கத்தில் கிடப்பதும் மட்டும் வெளியே வரும். திரவத்தையும் முன்கூட்டியே மிக நுண்ணிய சவ்வுகளில் வடித்துவைக்க வேண்டும். என்ஜின் அதிர்வில் விடுபடும் துகள்களையும் பிடிப்பதற்காகச் சில ஆய்வகங்களில் ஓட்டத்தை விட்டுவிட்டுத் துடிக்கச் செய்வார்கள்.

ஃபில்டரை மாட்டுவதற்கு முன்னால் சோதனைக் கருவியையே கழுவி, அதிலிருந்து எவ்வளவு அழுக்கு வருகிறது என்று அளந்துகொள்வது கட்டாயம். இதற்கு ‘வெற்றுச் சோதனை’ என்று பெயர் வைக்கலாம். வாகன உதிரிபாகங்களின் தூய்மைக்கான ஐ.எஸ்.ஓ. 16232 தரநிலையின்படி, இந்த வெற்று அளவு எதிர்பார்க்கும் அழுக்கில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இல்லாவிட்டால் ஃபில்டரின் பெயரில் ஆய்வகத்தின் குழாய், புனல், ஆய்வாளரின் சட்டை நூல் எல்லாம் எண்ணப்பட்டுவிடும். துல்லியமான கருவிகள் நிறைந்த கூடத்திலும் பல தவறான முடிவுகள் பிறப்பது இந்தப் படியைத் தாண்டிப் போவதால்தான்.

எத்தனை முறை கழுவினால் போதும் என்பது அடுத்த கேள்வி. அரிசி களையும்போது முதல் தண்ணீர் பாலாகவும், அடுத்தது மங்கலாகவும், பிறகு தெளிவாகவும் வருவதைப் போலத்தான் இங்கும். ஒவ்வொரு கழுவலையும் தனித்தனியாகப் பிடித்து அளப்பார்கள். கடைசிக் கழுவலில் கிடைத்தது, அதுவரை கிடைத்த மொத்தத்தில் பத்து சதவீதத்துக்குள் வந்துவிட்டால் எடுக்க வேண்டியதை எடுத்தாயிற்று என்று பொருள். ஆறு முறை கழுவியும் அளவு இறங்கவில்லையென்றால் முறையை மாற்ற வேண்டும். அல்லது அந்தத் தாளே உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஃபில்டரைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது சந்தேகம் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

கழுவிய திரவத்தை ஒரு சவ்வில் வடிப்பார்கள். சவ்வை அடுப்பில் உலர்த்தி, ஈரம் ஏறாத கண்ணாடிக் கலத்தில் ஆறவைத்து, வடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போடுவார்கள். வித்தியாசம்தான் அழுக்கின் எடை, மில்லிகிராமில். மலிவான, பழகிய முறை. ஆனால் இதை மட்டும் நம்புவது ஆபத்து. 200 மைக்ரான் விட்டமுள்ள ஓர் எஃகு மணியின் எடை சுமார் 0.03 மில்லிகிராம்தான். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசுக்கு அது இருப்பதே தெரியாது. இன்ஜெக்டர் முனையின் துளையோ பெரும்பாலும் 100 முதல் 200 மைக்ரான். அந்த ஒரு மணியே அதை அடைத்துவிடப் போதும். எடையில் தேறிய ஃபில்டர் என்ஜினில் தோற்பது இப்படித்தான். அதனால் அதே சவ்வை நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு துகளின் நீளத்தையும் அளந்து, உலோகம், உலோகமல்லாதது, இழை என்று பிரித்து எண்ணுகிறார்கள். என்ன உலோகம் என்று அறிய வேண்டுமானால் எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

இன்னொரு வழி, ஓடும் திரவத்தில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சித் துகள்களை நேரடியாக எண்ணும் கருவி. இதன் முடிவை ஐ.எஸ்.ஓ. 4406 குறியீட்டில் மூன்று எண்களாக எழுதுவார்கள். ஒரு மில்லிலிட்டரில் 4, 6, 14 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் எத்தனை என்பதை அவை முறையே குறிக்கும். எண் ஒன்று ஏறினால் துகள்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வாகன உற்பத்தியாளர்களின் உலக எரிபொருள் சாசனம் டீசலுக்குப் பரிந்துரைப்பது 18/16/13. கேட்பதற்குக் கறாராக இருக்கும். ஆனால் 18 என்பதன் உச்சவரம்பு மில்லிலிட்டருக்கு 2500 துகள்கள். 50 லிட்டர் தொட்டிக்குக் கணக்கிட்டால் 12.5 கோடி.

4, 6, 14 என்ற விசித்திரமான எண்களுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. எண்ணும் கருவிகளை அளவுதிருத்த, அமெரிக்காவின் அரிசோனா மண்ணிலிருந்து எடுத்த நுண்தூசியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். 1990-களில் அதன் உற்பத்தி நின்றது. புதிய தூசியை இன்னும் நல்ல கருவிகளால் அளந்தபோது, பழைய அளவுகள் பிசகு என்று தெரியவந்தது. 1999-இல் புதிய அளவுதிருத்தத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 11171 வந்தபின், பழைய 5 மைக்ரான் புதிய 6 ஆனது. 15 என்றிருந்தது 14 ஆனது. துகள்கள் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

ஃபில்டரின் பிடிக்கும் திறனை அளப்பது வேறு சோதனை. ஐ.எஸ்.ஓ. 19438-இன்படி, தூசி கலந்த திரவத்தை ஃபில்டருக்குள் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, முன்னும் பின்னும் துகள்களை எண்ணுகிறார்கள். 200 துகள் போய் ஒன்று தப்பினால் திறன் 99.5 சதவீதம். தாளில் ஓட்டையோ ஒட்டு விடுதலோ இருக்கிறதா என்று பார்க்க, ஃபில்டரை ஆல்கஹாலில் மூழ்கவைத்துக் காற்றழுத்தம் கொடுத்து, முதல் குமிழி எங்கே கிளம்புகிறது என்று கவனிப்பார்கள்.

இத்தனையும் தேறிய ஃபில்டர்கூட, தான் சந்திக்காத ஒன்றைச் சந்தித்தால் தானே அழுக்காகலாம். 2010 ஏப்ரல் 13 அன்று இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹாங்காங் சென்ற கேத்தே பசிபிக் 780 விமானத்தில் நடந்தது அதுதான். விமான நிலையத்தில் எரிபொருள் குழாய் விரிவாக்கப் பணியின்போது உப்புநீர் உள்ளே புகுந்திருந்தது. எரிபொருள் நிரப்பும் வண்டியின் ஃபில்டரில், நீரை உறிஞ்சுவதற்கென்றே ஒரு பாலிமர் இருந்தது. உப்புநீர் பட்டு அது நுண்ணிய உருண்டைகளாகப் பிரிந்து எரிபொருளோடு ஓடி, இரண்டு என்ஜின்களின் அளவிடும் வால்வுகளிலும் சிக்கிக்கொண்டது. ஓர் என்ஜின் அதிக வேகத்திலேயே உறைந்து நின்றதால், விமானம் மணிக்கு சுமார் 428 கிலோமீட்டர் வேகத்தில் தரையிறங்க நேர்ந்தது. 322 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

சாலை வண்டிகளில் சுத்தப் பக்கம் கெடுவது பெரும்பாலும் பணிமனையில். புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பிவிட்டு மாட்டுவது பழைய வழக்கம். காற்றெடுக்கும் வேலை மிச்சமாகும். ஆனால் திருகி மாட்டும் ஃபில்டர்களில் நடுத்துளை பொதுவாகச் சுத்தப் பக்கம். அதில் ஊற்றிய டீசல் வடிகட்டப்படாமலே பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போகும். காமன் ரெயில் வண்டிகளில் ஃபில்டரைக் காலியாகவே மாட்டி, கைப்பம்பாலோ தொட்டியிலுள்ள மின்பம்பாலோ டீசலை ஏற்றச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். துளைகளின் மூடிகளை மாட்டும் நொடி வரை கழற்றக் கூடாது என்பதும் அதே காரணத்தால்தான்.